படகுக்குப் புளி தேய்த்த கதை

ஒரு படகைக் கெடுக்கப் பல வழிகள் இருக்கின்றன. பாறையில் மோதலாம். மணல் திட்டில் ஏற்றலாம். ஓட்டத் தெரியாதவன் கையில் சக்கரத்தைக் கொடுக்கலாம். நான் தேர்ந்தெடுத்த வழி கொஞ்சம் நூதனமானது. தேங்காய் உடைத்து, சூடம் ஏற்றி, மனமுருக வேண்டிக்கொண்டு, என் மச்சானின் படகை உப்புத் தண்ணீருக்குத் தின்னக் கொடுத்தேன். அது ஒழுங்காகத் தின்ன வேண்டுமே என்று அவ்வப்போது புளி போட்டுத் துலக்கியும் விட்டேன்.

போன வாரம் இங்கே ஜோகூரில், மாசாய் சந்தையில் ஒரு வாசகி என்னைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தொடரில் வருவதெல்லாம் நிஜமா, பக்கத்தை நிரப்ப நானே கட்டிவிடுகிறேனா என்று கேட்டார். அம்மா, கற்பனை செய்கிற அளவுக்கு எனக்கு மூளை இருந்திருந்தால் இதில் பாதி நடந்தே இருக்காது.

சேற்றில் மல்லாந்தவன்

கோங் கோங் பக்கம், ஜோகூர் ஆறு கடலைத் தொடுகிற இடத்தில், ஒரு சரிவான சிமெண்டுத் தளம் இருந்தது. தண்ணீர் ஏறும்போது படகை அதன்மேல் மிதக்க விட்டுக் கட்டிவிட்டால், இறங்கும்போது படகு மரக்கட்டைகளின்மேல் உட்கார்ந்துவிடும். மறுபடி தண்ணீர் ஏறுவதற்குள் அடியில் செய்யவேண்டிய வேலையைச் செய்து முடிக்க வேண்டும்.

நான் அந்தப் படகின் அடியில் மல்லாந்து கிடக்கிறேன். முதுகுக்குக் கீழே சேறு. சட்டைக்குள் ஏதோ ஊர்கிறது. நண்டாக இருந்தால் பரவாயில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். கண்டல் வேர்களின் அழுகல் வாசனையும், காற்றில் பாசிர் கூடாங் ஆலைகளின் செம்பனை எண்ணெய் வாசனையும் கலந்து வருகின்றன. தலைக்கு மேலே அக்கரைச் சிங்கப்பூரில் இறங்கப் போகிற விமானம் ஒன்று சக்கரங்களை நீட்டிக்கொண்டு தாழப் போகிறது. என் வலது கையில் ஓர் உருண்டைப் புளி.

மேலிருந்து மச்சான் செல்வம் கேட்கிறான், அடியில் இவ்வளவு நேரம் என்ன செய்கிறேன் என்று. சிப்பி சுரண்டுவதாகச் சொல்கிறேன். அது பாதி உண்மை.

இன்றைக்கும் வீட்டில் புளி கரைக்கிற வாசனை வந்தால் எனக்கு ரசம் நினைவுக்கு வருவதில்லை. அந்தச் சேறுதான் வருகிறது.

அவன் ஏன் படகு வாங்கினான்

செல்வம் என் மனைவி மல்லிகாவின் தம்பி. சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் வேலை. ஜோகூரில் பாதிப் பேருக்கு இருக்கும் பிழைப்புதான் அது. விடியுமுன் எழுந்து, மோட்டார்சைக்கிளில் மாசாயிலிருந்து கிளம்பி, பாலத்தில் மற்ற ஆயிரக்கணக்கான மோட்டார்சைக்கிள்களோடு நின்று, புகையைக் குடித்து, அக்கரை சேர வேண்டும். திரும்பி வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும்.

அவனிடம் ஒரு மழைக்கோட்டு இருந்தது. ஆரஞ்சு நிறம், முதுகில் ஒளிரும் பட்டை. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அதை மாட்டிக்கொண்டுதான் போவான். விடியற்காலைக் குளிருக்கும் அதுவே சட்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோட்டு இல்லாமல், வேட்டியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் மகள் அவனைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தன் அம்மாவிடம், யாரோ வந்திருக்கிறார்கள் என்று சொன்னாளாம்.

வீடே சிரித்தது. செல்வமும் சிரித்தான். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டான்.

கையில் இருந்த சேமிப்பு மொத்தத்தையும் போட்டு ஒரு பழைய படகு வாங்கினான். தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களைக் கெலோங்குகளுக்கு, அதாவது கடலில் கம்பு நட்டுக் கட்டிய மீன்பிடி மேடைகளுக்கு, ஏற்றிப் போய் இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டி வருவது திட்டம். அவனுடைய பழைய முதலாளி நல்ல மனிதர். படகு சரிவராவிட்டால் திரும்பி வா, இடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த நல்ல வார்த்தைதான் செல்வத்தின் மனைவிக்குப் பிடிக்கவே இல்லை.

ஆக, படகு ஓடினால் பிள்ளைக்கு அப்பா உண்டு. ஓடாவிட்டால் ஆரஞ்சுக் கோட்டு. விஷயம் அவ்வளவுதான்.

கால்

நம் ஊர்ச் சம்பான் படகுகளில் எஞ்சின் மொத்தமும் பின்னால் வெளியே தொங்கும். செல்வம் வாங்கியது வேறு ஜாதி. எஞ்சின் படகுக்குள்ளே பெட்டிக்குள் சொகுசாக உட்கார்ந்திருக்கும். அதனுடைய கால் மட்டும் பின்பலகை வழியாக வெளியே வந்து தண்ணீரில் தொங்கும். காலின் நுனியில் விசிறி சுற்றும். ஸ்டெர்ன் டிரைவ் என்பது அதன் ஏட்டுப் பெயர். எங்களுக்கு அது 'கால்'தான்.

கால் அலுமினியத்தால் ஆனது. நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறுவது. அது அரித்துப் போகாமல் இருக்க அங்கங்கே துத்தநாகக் கட்டிகளைத் திருகி வைத்திருப்பார்கள். உப்புத் தண்ணீருக்கு ஏதாவது ஒரு உலோகத்தைத் தின்றே ஆகவேண்டும். துத்தநாகம் இருக்கிறவரை அது அதைத்தான் தின்னும், அலுமினியத்தைத் தொடாது. கட்டி தேயத் தேயப் புதிதாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதெல்லாம் இப்போது எனக்கு மனப்பாடம். அப்போது தெரியாது. அப்போது எனக்குத் தெரிந்த ஒரே உலோக விஞ்ஞானம் லாயாங் லாயாங்கில் கற்றது.

டைப்ரைட்டருக்குச் சந்தனம்

கொஞ்சம் லாயாங் லாயாங் போய் வருவோம். ரயில் ஏற வேண்டியதில்லை.

அங்கே நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில், கித்தாப் பாலை உறைய வைத்துத் தகடு தகடாக உருட்டி எடுக்கிற மெசின் ஒன்று இருந்தது. அதன் மரச் சட்டத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு அடித்திருந்தார்கள். கட்டம் கட்டமாய்க் கோடு, நடுவில் ஏதோ எழுத்து. எந்தக் காலத்தில் யார் அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஆயுத பூசை வந்தால் தோட்டமே சந்தனத்தில் குளிக்கும். பால் வெட்டும் கத்தி, வாளி, லோரி, கணக்கெழுதும் கிராணியின் டைப்ரைட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு. ஒரு வருஷம் டைப்ரைட்டருக்கு உற்சாகம் மிஞ்சிச் சந்தனத்தை அப்பிவிட்டார்கள். அடுத்த ஒரு மாதத்துக்குத் துரைக்குப் போன கடிதமெல்லாம் கமகமவென்று போனது. துரையின் நாய்க்கும் குங்குமம் உண்டு. அது என் கைவேலை. நாய் என்னைத் தண்ணீர்த் தொட்டிவரை துரத்தியது தனி அத்தியாயம்.

அன்று முக்கிய மரியாதை அந்தச் செப்புத் தகட்டுக்குத்தான். புளி போட்டுத் துலக்கி, தங்கம் மாதிரி மின்ன வைப்பார்கள். அந்த மெசின் நான் பார்க்க ஒருநாளும் நின்றதில்லை. பக்கத்துத் தோட்டத்து மெசின் மாதம் ஒருமுறை படுத்துக்கொள்ளும். எங்களுடையது ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாம் தகட்டின் மகிமை என்று சொல்வார்கள். நானும் நம்பினேன்.

அந்த மெசினுக்கு விடாமல் எண்ணெய் போட்டவர் என் அப்பா. அது மட்டும் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை பாருங்கள்.

காவல் மாற்றம்

செல்வம் படகு வாங்கிய வாரமே மாசாயில் எங்கள் கோயில் பூசாரியிடம் போய் ஒரு செப்புத் தகடு எழுதி வாங்கிவிட்டேன். படகின் முன்னால் வைக்கச் சொன்னார். சரி சாமி என்று தலையாட்டினேன்.

வழியில் யோசித்தேன். முன்னால் என்ன ஆபத்து? காற்றுதான். ஆபத்து முழுவதும் பின்னால், தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. பூசாரி பாவம், படகு கண்டாரா என்று அவருடைய அறிவுரையைத் திருத்திக்கொண்டேன். அதோடு செல்வத்திடம் சொன்னால் சிரிப்பான் என்ற கூச்சமும் இருந்தது. தெய்வம் மறைவாக இருந்தே வேலை செய்யட்டும் என்று முடிவு கட்டினேன்.

படகைச் சரிவில் ஏற்றிய முதல் நாள். செல்வம் சாப்பிடப் போயிருந்தான். நான் அடியில் நுழைந்து பார்த்தேன். கால் மாட்டியிருக்கிற பெரிய இரும்பு மாதிரியான கூட்டின் அடிவயிற்றில், இரண்டு திருகாணியில் ஒரு சாம்பல் நிறக் கட்டி. பாதி தேய்ந்து, குழிகுழியாக, சொத்தைப் பல் மாதிரி. புதிதாக வாங்கிய படகில் இப்படி ஓர் அசிங்கமா என்று எனக்கு ஒரே வருத்தம்.

அதைக் கழற்றி ஆற்றில் எறிந்தேன். அதே இரண்டு திருகாணியில் என் செப்புத் தகட்டை மாட்டினேன். நன்றாகப் பொருந்தட்டும் என்று அங்கிருந்த வண்ணத்தைக்கூடச் சுரண்டிவிட்டேன். ஓட்டை தானாகப் பொருந்தி வந்ததை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

காவல்காரனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, திருடனுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். காப்பி ஒன்றுதான் கொடுக்கவில்லை.

பெர்னாட்டின் மூன்று எதிரிகள்

அடுத்த முறை படகை ஏற்றியபோது காலில் வண்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. செல்வம் ஒரு கொப்புளத்தைச் சுரண்டினான். உள்ளே தேங்காய்த் துருவல் மாதிரி வெள்ளை மாவு உதிர்ந்தது.

மெக்கானிக்காக வந்தவர் பெர்னாட். மாசாய்க்காரர். பெரிய வயிறு, பெரிய குரல், ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல். அக்கரையில் படகுப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தவர் என்பதால், கடையில் தே தாரிக் தேநீர் ஆற்றுவதைப் பார்த்தால்கூட, சிங்கப்பூரில் இதை வேறு மாதிரி செய்வோம் என்பார்.

அவர் திருப்புளியால் காலை அழுத்தினார். திருப்புளி உள்ளே போனது. கியர் எண்ணெயைத் திறந்துவிட்டார். கறுப்பாக வரவேண்டியது பால் காப்பி நிறத்தில் வந்தது. அரித்த இடத்தில் சீல் உட்காராமல் தண்ணீர் உள்ளே போயிருந்தது. கால் போச்சு, வேறு கால்தான் மாட்ட வேண்டும் என்றார்.

எங்கேயோ உடைத்த படகிலிருந்து ஒரு பழைய கால் வந்தது. பெர்னாட் அதைச் சுத்தம் செய்து, ரப்பர் உறையை மாற்றி, நீர் பம்பின் சிறகை மாற்றி, ஒவ்வொரு போல்ட்டுக்கும் மசகு தடவி மாட்டினார். அந்தக் காலத்து ரேடியோவில் வந்த பாட்டுகளை அடிக்குரலில் முனகிக்கொண்டே செய்வார். அவர் வேலை செய்வதைப் பார்ப்பதே ஒரு சுகம். நாங்கள் மூவரும் சரிவில் உட்கார்ந்து, இலையில் கட்டிய நாசி லெமாக் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, தண்ணீர் ஏறுவதற்காகக் காத்திருந்த அந்த மதியங்கள் மாதிரி எனக்கு அப்புறம் மதியங்கள் வாய்க்கவில்லை.

அடியில் நுழையும் வேலை எப்போதும் எனக்குத்தான். பெர்னாட்டின் வயிறு நுழையாது. செல்வத்துக்கு மேலே ஆயிரம் வேலை. அன்றும் நான்தான் கீழே கிடந்தேன்.

"அண்ணே, அடியில ரெண்டு ஸ்குரூ போட்டு ஒரு கட்டி இருக்கும். தேஞ்சிருக்கா பாருங்க" என்று மேலிருந்து கேட்டார் பெர்னாட்.

கட்டி இருந்த இடத்தில் சாமி இருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? பார்த்தேன். என் தகடு ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

"தேயவே இல்ல பெர்னாட். அப்படியே இருக்கு."

"அப்ப அது நல்ல சரக்கு. விட்ருங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கால் முழுவதும் போயும் தகடு போகவில்லையே! தகடு இருக்கப்போய்த்தான் காலோடு போயிற்று, இல்லாவிட்டால் படகே போயிருக்கும் என்று கணக்குப் போட்டேன். ஒரே குறை, தகடு கறுத்திருந்தது. சக்தி குறைந்திருக்கும் என்று தோன்றியது. அன்றிலிருந்துதான் புளி.

படகு சரிவில் ஏறும்போதெல்லாம் சமையலறையிலிருந்து ஓர் உருண்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவேன். சேற்றில் மல்லாந்து, தகட்டைப் பளபளவென்று தேய்ப்பேன். செம்பு எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ அவ்வளவு சுறுசுறுப்பாகப் பக்கத்து அலுமினியம் கரையும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது காலும் கொப்புளித்தது. காலில் இருந்த புதுத் துத்தநாகம் நாக்கில் வைத்த கற்கண்டு மாதிரி மாயமாகிக்கொண்டிருந்தது. பெர்னாட் எதிரிகளைத் தேட ஆரம்பித்தார். முதலில் கடைக்காரன் கலப்படத் துத்தநாகம் விற்றுவிட்டான் என்றார். வேறு கடையில் வாங்கினோம், அதுவும் கரைந்தது. பிறகு ஆலைத் தண்ணீர் என்றார். அதே தண்ணீரில் நின்ற மற்றப் படகுகள் சௌக்கியமாக இருந்தன. கடைசியில், பக்கத்தில் கட்டியிருக்கும் சீன முதலாளி, தவுக்கேயின் படகிலிருந்து மின்சாரம் கசிகிறது என்று கண்டுபிடித்து, சண்டைக்கே போய்விட்டார். தவுக்கே சிகரெட்டை எடுக்காமலே தன் படகைக் காட்டினார். முழுக்க மரம். மின்சாரம் என்று சொல்ல அதில் ஒரு டார்ச்சுலைட்டுதான் இருந்தது.

கொடியில் ஆரஞ்சு நிறம்

அந்த வாரத்தில் ஒருநாள் செல்வம் வீட்டுக்குப் போனேன். வாசலில் துணிக்கொடி. அதில் பிள்ளையின் பள்ளிச் சீருடைக்குப் பக்கத்தில், துவைத்துச் சொட்டச் சொட்ட, அந்த ஆரஞ்சு மழைக்கோட்டு.

அவன் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதையோ மறந்தவள்போல உள்ளே போய்விட்டாள். செல்வம் மெதுவாகச் சொன்னான். பழைய முதலாளியிடம் பேசியிருக்கிறான். அடுத்த மாதத் தொடக்கத்தில் வரலாம் என்றிருக்கிறார். சனிக்கிழமை படகைப் பார்க்க, பழைய படகை வாங்கி உடைத்து விற்கிற உடைப்புக்காரன் ஒருவன் வருகிறான். அதற்கு முன்னால் பெர்னாட் கடைசியாக ஒருதரம் பார்க்கிறேன் என்று கெஞ்சியதால் படகை ஏற்றப் போகிறோம்.

நான் வீட்டுக்கு வந்து வழக்கத்தைவிடப் பெரிய உருண்டையாகப் புளி எடுத்து வைத்துக்கொண்டேன்.

அடியில் ஒரு சாமி

அன்றைக்கு நான் தகட்டைத் தேய்த்துவிட்டு வெளியே வந்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்தபோது, பெர்னாட் சட்டையைக் கழற்றினார். யாரையும் நம்பப் போவதில்லை, தானே அடியில் போய்ப் பார்க்கப் போகிறேன் என்றார். அவருடைய பெயர் கெட்டுக்கொண்டிருந்தது. அது அவருக்கு வயிற்றைவிடப் பெரிய விஷயம்.

வேண்டாம், முதுகு பிடித்துக்கொள்ளும் என்றேன். சேறு ரொம்ப ஆழம் என்றேன். பாம்பு இருக்கிறது என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அவர் படுத்துவிட்டார். வயிறு இடித்தது. மூச்சை வெளியே விடச் சொல்லி, நானும் செல்வமும் ஆளுக்கொரு காலைப் பிடித்து உள்ளே தள்ளினோம். என் வாழ்க்கையில் என்னை நானே காட்டிக்கொடுக்க இவ்வளவு பாடுபட்டதில்லை.

உள்ளே டார்ச்சு வெளிச்சம் அங்குமிங்கும் ஆடியது. பிறகு ஒரே இடத்தில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது.

"செல்வம்" என்றது உள்ளேயிருந்து அடிக்குரல். "இங்க ஒரு சாமி இருக்கு லா."

செல்வம் குனிந்து பார்த்தான். நான் விமானம் பார்த்தேன். விமானம் ஏதும் இல்லை.

அந்த நேரம் பார்த்து மல்லிகா சாப்பாட்டுத் தூக்கோடு சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். பெர்னாட்டை வெளியே இழுத்தோம். அவர் விரலில் எதையோ தேய்த்துப் பார்த்தார், மூக்கில் வைத்தார், நாக்கிலும் வைத்தார். நார், கொஞ்சம் சக்கை. மெக்கானிக் வாழ்க்கையில் அப்படி ஒரு மசகை அவர் கண்டதில்லை போலும்.

"புளி" என்றார்.

மல்லிகா தூக்கை ஒரு கட்டையின்மேல் வைத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வீட்டுப் புளி எங்க போவுதுன்னு இப்பதான் தெரியுது."

பெர்னாட் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினார். உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் மட்டமானது கரைந்து உசத்தியானதைக் காப்பாற்றும். செம்பு உசத்தி. அலுமினியம் மட்டம். இப்போது எனக்குப் புரிந்தது. தகடு படகைக் காக்கவில்லை. படகுதான், இரண்டு காலையும் கொடுத்து, என் தகட்டைக் காத்துக்கொண்டிருந்தது.

செல்வம் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏன் மாமா?" என்றான்.

வழக்கமாக எனக்கு வாயில் ஒரு நக்கல் தயாராக இருக்கும். அன்று வரவில்லை.

"நீ திரும்பிச் சிங்கப்பூர் போயிடக் கூடாதுன்னுதான் மாப்ள."

அவன் ஆற்றைப் பார்த்தான். தண்ணீர் திரும்பிவிட்டிருந்தது, சரிவின் அடியில் முதல் வரியை நனைத்துக்கொண்டிருந்தது.

யார் கழற்றுவது

அடுத்த சிக்கல் உங்களுக்குத் தெரியும். மற்ற ஊர்க்காரர்களாக இருந்தால் ஒரு திருப்புளியால் முடிந்திருக்கும். எழுதிப் பூசை போட்ட தகடு. அதை யார் கழற்றுவது?

பெர்னாட் சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார். தான் வேறு மதம், கழற்றி நாளைக்கு ஏதாவது ஆனால் பழி தன்மேல்தான் விழும் என்றார். செல்வம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றானே தவிரக் கையை நீட்டவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. மல்லிகாதான் பூசாரிக்குப் போன் போட்டு என் காதில் வைத்தாள்.

விஷயத்தைச் சொன்னேன். தகடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். பின்னால் என்றேன். பின்னால் எங்கே என்றார். அடியில் என்றேன். எதற்கு அடியில் என்றார். தண்ணீருக்கு என்றேன். போன் கெட்டுவிட்டதோ என்று குலுக்கிப் பார்த்தேன்.

முன்னால் என்றுதானே சொன்னேன் என்றார். கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, முன்னால் வைக்கச் சொன்னார். இனிமேல் தன்னிடம் கேட்காமல் தெய்வத்தை இடம் மாற்ற வேண்டாம் என்றும் சொன்னார்.

கடைசியாக ஒருமுறை சேற்றில் மல்லாந்தேன். சூடம் ஏற்றப் பார்த்தேன். ஆற்றுக் காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே திருகினேன். தண்ணீர் என் குதிகாலைத் தொடும்போது தகடு கையில் வந்தது. அதன் முகத்தில் ஒரு தேய்மானமும் இல்லை. என் முகமே அதில் தெரிந்தது. அவ்வளவு நன்றாகத் துலக்கியிருந்தேன்.

மூடி

சனிக்கிழமை உடைப்புக்காரன் வந்தபோது பெர்னாட் அவனைக் காப்பி வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாவது கால் இன்னும் முழுசாகச் சாகவில்லை, தான் பிழைக்க வைப்பேன் என்றார்.

அப்படியே செய்தார். வெள்ளை மாவை எல்லாம் கம்பித் தூரிகையால் சுரண்டி, பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்த்தார். ஆழமான குழிகளைப் பற்றவைத்து நிரப்பினார். சின்னக் குழிகளுக்குப் பசை பூசி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினார். சீல் மாற்றினார். மஞ்சள் அடிவண்ணம், அதன்மேல் கறுப்பு. அடிவயிற்றில், அதே இரண்டு திருகாணியில், புதுத் துத்தநாகக் கட்டி. அதன்மேல் மட்டும் வண்ணம் படாமல் காகிதம் ஒட்டி மறைத்தார். எனக்கு எந்த வேலையும் தரவில்லை. ரேடியோவைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள்.

படகு இறங்கியது. ஓடியது. தகடு சக்கரத்துக்கு முன்னால், கண்ணாடிக்குக் கீழே, மரப்பலகையில் உட்கார்ந்துகொண்டது. அதன் பக்கத்தில் பெர்னாட் ஒரு சின்ன மாதா படத்தை ஒட்டிவைத்தார். இரண்டு பேரும் காற்று வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆனால் செல்வம் போகிறேன் என்றோ இருக்கிறேன் என்றோ சொல்லவில்லை. மாதத் தொடக்கம் நெருங்கியது. கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்கும் தகுதி உள்ளவர்களில் நான் கடைசி ஆள். மல்லிகாவிடம் தூண்டிவிட்டுப் பார்த்தேன். உங்கள் புளியைக் கரைத்து நீங்களே குடியுங்கள் என்றுவிட்டாள்.

கடைசியில் ஒரு மாலை நானே போனேன். கையில் யோங் பெங் ஊர் மீன் உருண்டை ஒரு பொட்டலம், சமாதானத் தூதாக. வாசல் கொடியில் பிள்ளையின் சீருடை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் அந்தக் கோட்டு மாட்டுகிற ஆணி காலியாக இருந்தது. போட்டுக்கொண்டு போய்விட்டானோ?

உள்ளே செல்வம் தரையில் உட்கார்ந்திருந்தான். மகள் அவன் முதுகின்மேல் சாய்ந்துகொண்டு அரிச்சுவடியைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு முன்னால் மனைவியின் தையல் மெசின் திறந்து கிடந்தது. சுற்றிலும் நூல் துண்டுகள்.

பொட்டலத்தைக் கீழே வைத்தேன். எதையோ விசாரிப்பதுபோலத் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மாப்ள, உன் மழக்கோட்டு எங்க?"

அவன் நிமிரவில்லை.

"வெட்டி எஞ்சினுக்கு மூடி தச்சாச்சு, நீங்க தொடாதீங்க."